ஸ்பொயிலர் எழும்பவில்லையா, அடங்கவில்லையா: மலையகத்து ஈரத்தில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

வேகம் கூடினால் தானாக எழும்பி, வேகம் குறைந்தால் தானாக அடங்கும் பின் ஸ்பொயிலர் (காற்றில் காரின் பின்பக்கம் இலேசாகாமல் தடுக்கும் தகடு), ஓடித் தேய்ந்து பழுதாவது குறைவு. ஓடாமல் கிடந்துதான் பழுதாகிறது. மலையகத்தில் இது இரட்டிப்பு உண்மை. இரண்டாம் தலைமுறை ஔடி டி.டி.யிலும் (2006 முதல் 2014 வரை வந்தது) முதல் தலைமுறை போர்ஷ் பொக்ஸ்டரிலும் ஸ்பொயிலர் எழும்பும் வேகம் மணிக்கு 120 கி.மீ., அடங்கும் வேகம் 80 கி.மீ. நம் நாட்டு அதிவேக நெடுஞ்சாலையில் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகமே 100 கி.மீ.தான். கினிகத்தேனை ஏற்றத்திலும் றம்பொடை வளைவுகளிலும் 50ஐத் தொடுவதே பெரிய காரியம். ஆகவே சட்டத்துக்குள் ஓடுகிற கார் ஒன்றில் இந்தப் பொறி தன்பாட்டில் ஒருமுறைகூட வேலை செய்யாமல் வருடக்கணக்கில் கிடக்கலாம். மூடிய இடுக்குக்குள் மூடுபனியின் ஈரம் தங்குகிறது, கிரீஸ் காய்ந்து மெழுகாகிறது, திருகுத்தண்டில் துரு ஏறுகிறது. ஏப்ரல் சீசனுக்கு ஒருநாள் ஆசையாய் சுவிட்சை அழுத்தும்போது "கிர்ர்" என்று ஒரு சத்தம், அல்லது சத்தமே இல்லை.

இதெல்லாம் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 1998இல் வந்த முதல் டி.டி.யில் பின் ஸ்பொயிலர் இருக்கவில்லை. அதிவேகத்தில் பின்பக்கம் இலேசாகி, ஐரோப்பாவில் விபத்துகள் நடந்த பிறகு, விற்ற கார்களைத் திருப்பி அழைத்துத்தான் அதைப் பொருத்திக் கொடுத்தார்கள். மலைப்பாதை வேகத்தில் அது கீழே கிடந்தாலும் ஆபத்தில்லை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் எழும்பிச் சரிந்து நிற்கும் ஸ்பொயிலரோடு அதிவேக நெடுஞ்சாலைக்கு இறங்கக்கூடாது.

உள்ளே என்ன இருக்கிறது

மொடலுக்கு மொடல் வித்தியாசம் உண்டு, ஆனாலும் பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றே. நடுவில் 12 வோல்ட் மோட்டர். அதோடு ஒட்டியபடி, பிளாஸ்டிக் பற்சக்கரம் வைத்த சின்ன கியர் பெட்டி. அதிலிருந்து இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் போகும் இரண்டு சுழல் கேபிள்கள். பழைய மோட்டர்சைக்கிளின் வேகமானிக் கேபிள் போலத்தான்: வெளியே உறை, உள்ளே முறுக்கிய எஃகுக் கம்பி, நுனி சதுரமாக அழுத்தப்பட்டிருக்கும். அந்தக் கம்பி சுழன்று இரண்டு பக்கத்துத் தூக்கிகளைத் திருப்புகிறது. தூக்கிக்குள் திருகுத்தண்டோ, மடங்கி நிமிரும் கையோ இருக்கும். முழுக்க எழும்பிவிட்டது, முழுக்க அடங்கிவிட்டது என்று சொல்ல எல்லைச் சுவிட்சுகள் உண்டு. எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. குறித்த நேரத்துக்குள் எல்லைச் சுவிட்சிலிருந்து சைகை வராவிட்டாலோ, மோட்டர் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தாலோ அந்தப் பெட்டி மோட்டரை நிறுத்திவிட்டு டேஷ்போர்டில் விளக்கை ஏற்றும்.

இந்த ஒழுங்கை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பழுது காதாலேயே பிடிபடும். ஸ்பொயிலர் வேலை செய்யாத காரைக் கொண்டு வந்தால் முதலில் ஸ்கேனரை, அதாவது காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளோடு பேசிப் பழுதைக் காட்டும் கருவியைத் தேடவேண்டாம். டிக்கிப் பக்கம் போய் நின்று, இன்னொருவரைச் சுவிட்சை அழுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

கை வைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. தகடு அடங்கும்போது விரல் நடுவில் அகப்பட்டால் விடாது. பல மொடல்களில் இறக்குவதற்குச் சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று வைத்திருப்பதே அதனால்தான். உள்ளே கை போடும் ஒவ்வொரு தடவையும் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுங்கள், தகட்டின் கீழே இரண்டு பக்கமும் மரக்கட்டை வையுங்கள். சாவியை எடுத்துவிட்டோம், போதும் என்று இருக்கவேண்டாம். சில கார்களில் சாவி எடுத்த பிறகும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் சில நிமிடம் விழித்திருக்கும்.

அறிகுறி: வேகமாகப் போனாலும் தானாக எழும்பவில்லை, சுவிட்சை அழுத்தினால் எழும்புகிறது

பெரும்பாலும் பழுதே இல்லை. மேலே சொன்ன 120ஐ நீங்கள் தொடவில்லை, அவ்வளவுதான். இதைச் சோதிக்கவென்று நெடுஞ்சாலையில் 120 ஓடவும் வேண்டாம். நல்ல ஸ்கேனரில் வெளியீட்டுச் சோதனை என்று ஒரு பகுதி இருக்கும், கார் நின்ற இடத்திலேயே ஸ்பொயிலரை ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். வேகத் தகவல் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகிறதா என்பதையும் அதே ஸ்கேனரில் பார்க்கலாம். டேஷ்போர்டில் வேகமானி சரியாக ஓடி, ஏ.பி.எஸ். விளக்கும் அணைந்திருந்தால் வேகத் தகவலில் குறை இருக்க வாய்ப்புக் குறைவு.

சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றே தெரியாத உரிமையாளர்களும் உண்டு, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. டி.டி.யில் அது நடுக் கொன்சோலில் கண்ணெதிரே இருக்கிறது. முதல் பொக்ஸ்டரில் ஓட்டுநர் கால் வைக்கும் இடத்து ஃபியூஸ் பெட்டியோடு ஒளிந்திருக்கிறது.

அறிகுறி: அழுத்தினால் சத்தமும் இல்லை, அசைவும் இல்லை

முதலில் பற்றரி. எஞ்சின் நிறுத்தி சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. வார இறுதிக்கு மட்டும் எடுக்கும் கார், குளிரிலும் நிற்கிறது என்றால் பற்றரி தளர்ந்திருப்பது சகஜம். வோல்டேஜ் குறைந்தால் அவசியமில்லாத வேலைகளைக் கார் தானே மறுத்துவிடும், ஸ்பொயிலரும் அதில் சேரலாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, 13.8க்கும் 14.4க்கும் இடையில் வோல்டேஜ் வந்த பிறகு அழுத்திப் பாருங்கள். அப்போது எழும்பினால் ஸ்பொயிலரைக் கழற்றும் வேலை மிச்சம்.

அடுத்தது ஃபியூஸ். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு கட்டவேண்டாம். சாவியைப் போட்டு, ஃபியூஸின் மேல்முனை இரண்டிலும் மீற்றர் வையுங்கள். இரண்டிலும் 12 வோல்ட் வரவேண்டும். ஃபியூஸ் போயிருந்தால், போனதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது: இறுகிப்போன தூக்கி, அல்லது எங்கோ உரசிய வயர். குறித்த அம்பியருக்குக் கூடிய ஃபியூஸ் போடாதீர்கள். 15 இருந்த இடத்தில் 30 போட்டு, கடைசியில் மோட்டரையே எரித்த கார்கள் உண்டு.

ஃபியூஸ் நல்லதென்றால் டிக்கிக் கதவின் பிணைச்சலுக்கு வாருங்கள். ஸ்பொயிலர் டிக்கிக் கதவில் பொருத்திய கார்களில் அதிகம் பழுதாகும் இடம் இதுதான், கராஜ்களில் அதிகம் தவறவிடும் இடமும் இதுதான். உடலிலிருந்து கதவுக்குப் போகும் வயர்கள் ஒரு இறப்பர் குழாய்க்குள் போகின்றன. ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் அதே இடத்தில் மடிகின்றன. குளிரில் பிளாஸ்டிக் உறை விறைத்து, உள்ளே செம்பு ஒவ்வொரு இழையாக அறுகிறது. இறப்பரைக் கழற்றி, ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக மெதுவாக இழுங்கள். செம்பு நல்லதாக இருந்தால் வயர் நீளாது. உறை மட்டும் இறப்பர் போல நீண்டால் உள்ளே செம்பு அறுந்துவிட்டது.

இங்கே மீற்றர் ஏமாற்றும். ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீற்றரில் முழு 12 வோல்ட் காட்டும், மோட்டரை இணைத்தவுடன் படுத்துவிடும். அதனால் சிக்னல் விளக்கின் 21 வோட் பல்ப் ஒன்றுக்கு இரண்டு வயர் ஒட்டிச் சோதனை விளக்காகப் பாவியுங்கள். மோட்டர் சொக்கெட்டில் அதை வைத்து, இன்னொருவர் சுவிட்சை அழுத்தும்போது பாருங்கள். பல்ப் பிரகாசமாக எரிந்தால் வயரிங் நல்லது, மோட்டர்தான் கேடு. மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ தடை. எரியவே இல்லையென்றால் ரிலே, சுவிட்ச், கட்டுப்பாட்டுப் பெட்டி, அறுந்த வயர் ஆகிய நான்கில் ஒன்று. ஏற்றும் சுவிட்சை அழுத்தும்போதும் இறக்கும் சுவிட்சை அழுத்தும்போதும் மீற்றரில் கூட்டல், கழித்தல் மாறி வரவேண்டும். ஒரு திசைக்கு மட்டும் வந்தால், ரிலே தனியாக உள்ள கார்களில் அந்தத் திசைக்கான ரிலேயைச் சந்தேகியுங்கள்.

அறுந்த வயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றும் பழக்கத்தை இந்த இடத்தில் விட்டுவிடுங்கள். மடியும் இடத்தில் அந்த ஒட்டு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அறுந்த பகுதியை இரண்டு பக்கமும் சுத்தமான செம்பு வரும்வரை வெட்டி, பழைய வயரின் பருமனுக்குக் குறையாத மெல்லிழை வயர் 15 செ.மீ. அளவில் இடையில் சேர்த்து, ஈயம் ஒட்டி, உள்ளே பசை உள்ள, சூடு காட்டினால் சுருங்கும் குழாய் போடுங்கள். ஒட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் வராமல் ஏணிப்படி போலத் தள்ளித் தள்ளி வரட்டும், இறப்பருக்கு வெளியே, மடியாத பகுதியில் இருக்கட்டும். ஒரு வயர் அறுந்திருந்தால் பக்கத்தில் உள்ளவையும் அறுகிற நிலையில்தான் இருக்கும். ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

வயரிங் நல்லது, மோட்டர் அசையவில்லை என்றால், மோட்டரின் உடலில் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் இலேசாகத் தட்டிக்கொண்டே சுவிட்சை அழுத்தச் சொல்லுங்கள். தட்டும்போது ஓடினால், மோட்டருக்குள் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டுகள் தேய்ந்தோ சிக்கியோ இருக்கின்றன. மோட்டரின் சொக்கெட்டைக் கழற்றிவிட்டு நேராகப் பற்றரி கொடுத்தும் பார்க்கலாம். 10 அம்பியர் ஃபியூஸ் கோத்த வயரால், ஒரு விநாடிக்கு மேல் போகாமல் தொட்டுத் தொட்டு எடுக்கவேண்டும். இப்படிக் கொடுக்கும்போது எல்லைச் சுவிட்சுகள் குறுக்கே இல்லை. கை எடுக்க மறந்தால் மோட்டர் எல்லையில் முட்டியும் நிற்காது, பற்சக்கரம் போய்விடும்.

அறிகுறி: மோட்டர் ஓடுகிறது, தகடு அசையவில்லை

சத்தம் சீராக, சுமையில்லாமல் "விர்ர்" என்று வந்தால் கேபிளின் சதுர நுனி தேய்ந்து வட்டமாகியிருக்கும், அல்லது இருப்பிலிருந்து நழுவியிருக்கும். "டக் டக் டக்" என்று தாண்டும் சத்தம் வந்தால் கியர் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பல் போய்விட்டது.

உள் ட்ரிம்மைக் கழற்றி, கேபிள் இரண்டையும் மோட்டர் பக்கத்தில் பிரியுங்கள். இப்போது மோட்டரை ஓட்டி வெளியீட்டுத் துளை இரண்டும் சுழல்கிறதா என்று பாருங்கள். இரண்டும் நின்றால் கியர் பெட்டி. சுழன்றால் கேபிளுக்குப் போங்கள். உள்கம்பியை உறையிலிருந்து உருவி எடுத்து நுனியைப் பாருங்கள். நான்கு மூலையும் கூராக இருக்கவேண்டும். நடுவில் இழை பிரிந்து முள்ளாக நின்றால் அந்தக் கேபிள் முடிந்தது. நுனி நல்லதாக இருந்தும் நழுவுகிறதென்றால் உறையின் முனை கிளிப்பில் முழுமையாக உட்காரவில்லை. சில மில்லிமீற்றர் வெளியே நின்றாலே சதுரம் போதிய ஆழத்துக்குப் போகாது, சுமை வந்ததும் நழுவும்.

பற்சக்கரத்தைப் பசையால் ஒட்டும் முயற்சி வேண்டாம். பல்லுக்குப் பல் விசை தாங்கும் இடம் அது, எந்தப் பசையும் நிற்பதில்லை. உலோகப் பற்சக்கரம் செய்து போட்டால் நல்லதுதானே என்று கேட்பார்கள். தூக்கி இறுகினால் முதலில் உடையவேண்டிய மலிவான பொருள் அந்தப் பிளாஸ்டிக் பல்தான். அதை இரும்பாக்கினால் அடுத்து முறிவது கேபிள், அதற்கு அடுத்தது மோட்டர். எதைப் போட்டாலும் சரி, பல் ஏன் போனது என்று தெரியாமல் புதியதைப் பூட்டாதீர்கள். காரணம் பெரும்பாலும் அடுத்த அறிகுறியில் இருக்கிறது.

அறிகுறி: பாதிவரை எழும்பி நிற்கிறது, அல்லது திரும்பி இறங்குகிறது

மலையகத்தில் அதிகம் வருவது இதுதான். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி படியும் நாட்களில் இன்னும் கூடும். பகலில் வெயில் பட்ட பிறகு அதே ஸ்பொயிலர் ஒழுங்காக வேலை செய்தால் கிரீஸ்தான் குற்றவாளி.

தகடு எழும்பியவரை கீழே பார்த்து, இடுக்கில் உள்ள குப்பையை முதலில் எடுங்கள். யூகலிப்டஸ் மரத்துக்கும் பைன் மரத்துக்கும் கீழே நிறுத்தும் கார்களில் இலையும் ஊசியும் ஈரத்தோடு சேர்ந்து அடையாக இருக்கும். அதற்குக் கீழே நீர் வடியும் துளைகள் உண்டு. அடைத்திருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் குத்தி எடுங்கள். கம்பி விட்டால் பெயின்ட் சுரண்டி, அங்கிருந்தே துரு தொடங்கும். அரைப் போத்தல் தண்ணீர் ஊற்றி, கீழே வடிகிறதா என்று பாருங்கள். டிக்கிக்குள் ஈரவாடை வருகிறது என்ற முறைப்பாட்டுக்கும் பல வேளை இதுதான் காரணம்.

பிறகு கேபிளை இரண்டு பக்கமும் பிரித்து, ஒவ்வொரு தூக்கியையும் கையால் திருப்புங்கள். சதுர நுனி உள்ள துண்டுக் கம்பியை சின்னத் திருகியில் பிடித்தால் போதும். இரண்டும் ஒரே இலகுவில், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மாதிரித் திரும்பவேண்டும். ஒன்று இறுகினால் பழுது அதில்தான் இருக்கிறது.

இறுகிய தூக்கிக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்கள். காலையில் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று மெதுவாக அசைத்து விடுவியுங்கள். வெப்பம் காட்டவேண்டாம், உள்ளே தண்டைத் தாங்கும் பிளாஸ்டிக் வளையம், அதாவது புஷ் இருக்கிறது. விடுபட்ட பிறகு பழைய கிரீஸ் முழுவதையும் மண்ணெண்ணெயில் தோய்த்த பழைய பல் துலக்கியால் கழுவி எடுக்கவேண்டும். பெயின்ட்டிலும் இறப்பர் சீலிலும் மண்ணெண்ணெய் படாமல் துணி விரியுங்கள். துடைத்து, காற்றடித்து, முழுக்கக் காய்ந்த பிறகு புதுக் கிரீஸ். பழையதுக்கு மேலேயே புதியதைப் பூசினால் இரண்டு மாதத்தில் அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.

என்ன கிரீஸ்? பிளாஸ்டிக்கைக் கெடுக்காத வெள்ளை லித்தியம் கிரீஸ், அல்லது டெஃப்லோன் கலந்த செயற்கைக் கிரீஸ். லொறிச் சில்லுக்குப் போடும் தடித்த கிரீஸ் குளிரில் விறைக்கும். டபிள்யூ.டி. 40 ஈரத்தை விரட்டவும் துருவை இளக்கவும் நல்லது, மசகாக நிலைக்காது. தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஏறக்குறைய 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். கொழும்பில் எண்ணெயாக இருப்பது ஹட்டனுக்கு வந்ததும் மெழுகு. திருகுத்தண்டு ஒன்றுக்குச் சுண்டுவிரல் நகம் அளவு கிரீஸ் எடுத்து நீளத்துக்கும் பரப்பினால் போதும். கேபிளின் உள்கம்பிக்கு விரலில் தடவி உருவிய மெல்லிய படலம். கூடினால் அது குப்பையைப் பிடிக்கும் பசையாகும்.

திருகுத்தண்டில் துரு குழி குழியாக அரித்திருந்தால் கழுவிப் பயனில்லை, தூக்கியை மாற்றத்தான் வேண்டும். புஷ் மட்டும் தேய்ந்திருந்தால் வழி உண்டு. தேயிலைத் தொழிற்சாலை வேர்க்‌ஷாப்பில் லேத் வேலை தெரிந்தவர் இருந்தால் பழைய புஷ்ஷை மாதிரியாகக் கொடுத்துக் கடைந்தெடுக்கலாம். ஆனால் நைலோனில் செய்யச் சொல்லாதீர்கள். நைலோன் ஈரத்தை உறிஞ்சி உப்பும். இங்குள்ள ஈரத்தில் புதுப் புஷ்ஷே சில மாதத்தில் தண்டைக் கவ்விப் பிடிக்கும். டெல்ரின் என்ற கடின பிளாஸ்டிக் கட்டையோ வெண்கலமோ நல்லது.

தூக்கிகள் இரண்டும் இலகுவாக இருந்தும் பாதியில் நின்றால் வோல்டேஜ் வீழ்ச்சியைப் பாருங்கள். மோட்டர் ஓடும்போது, பற்றரியின் கழித்தல் முனைக்கும் மோட்டரின் ஏர்த் முனைக்கும் இடையில் 0.2 வோல்டுக்கு மேல் காட்டக்கூடாது. கூட்டல் பக்கத்தில் 0.5க்கு மேல் போகக்கூடாது. ஏற்றும்போது ஏர்த்தாக இருக்கும் முனை, இறக்கும்போது கூட்டலாக மாறும் என்பதை மறக்காமல் மீற்றர் முனையை வையுங்கள். கூடுதலாக இருந்தால் ஏர்த் நட்டைக் கழற்றி, ஈரத்தால் படிந்த பச்சைக் களிம்பைச் சுரண்டி, இறுக்குங்கள். பாதிக் கேஸ் அதோடு முடிந்துவிடும்.

அறிகுறி: ஒரு பக்கம் எழும்பி, மறுபக்கம் கிடக்கிறது

சுவிட்சிலிருந்து கையை எடுங்கள். இன்னொரு தடவை அழுத்தினால் சரியாகிவிடும் என்ற நினைப்பில்தான் தகடு வளைவதும், பெயின்ட் வெடிப்பதும், நல்ல பக்கத்துத் தூக்கியும் சேர்ந்து போவதும். கையால் அமுக்கி இறக்கவும் வேண்டாம். திருகுத்தண்டு உள்ள தூக்கி அமுக்கினால் இறங்காது, பிடிப்பு உடையும்.

ஃபியூஸைக் கழற்றி, ட்ரிம்மை எடுத்து, கேபிள் இரண்டையும் மோட்டர் பக்கத்தில் பிரியுங்கள். உயர்ந்து நிற்கும் பக்கத்தைக் கையால் திருப்பி இறக்குங்கள். கோட்லெஸ் ஸ்க்ரூ டிரைவர் பாவிப்பதென்றால் மிகக் குறைந்த முறுக்கில் வையுங்கள், பெரிய டிரில் வேண்டாம். இரண்டும் அடங்கிய பிறகு எந்தப் பக்கம் நின்றது, ஏன் நின்றது என்று மேலே சொன்னபடி பாருங்கள்: கேபிள் அறுந்ததா, தூக்கி இறுகியதா.

திருப்பிப் பூட்டும்போதுதான் கவனம் வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கும்போது மட்டுமே கேபிளை மாட்டவேண்டும். தகட்டின் இரண்டு முனையிலும் உடலிலிருந்து உயரத்தை வேனியரால் அளந்து, வித்தியாசம் அரை மில்லிமீற்றருக்குள் வரும்வரை ஒரு பக்கத்தைக் கையால் திருப்புங்கள். கழற்றும்போதே இடம், வலம் என்று கேபிளிலும் தூக்கியிலும் பெயின்ட் புள்ளி வையுங்கள். தூக்கியை இடம் மாற்றிப் பூட்டினால் ஒன்று ஏற மற்றது இறங்கும் நிலை வரலாம். முதல் ஓட்டத்தை முழுத்தூரம் விடாமல், அரை விநாடி அரை விநாடியாக அழுத்தி, இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள்.

அறிகுறி: ஏறி இறங்குகிறது, ஆனாலும் விளக்கு அணையவில்லை

எல்லைச் சுவிட்ச். தகடு முழுக்க அடங்கியும் அந்தச் செய்தி பெட்டிக்குப் போகவில்லை. தகட்டின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். உடலைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றர் உயர்ந்து நின்றால் கீழே குப்பையோ உப்பிய சீலோ தடுக்கிறது. மட்டமாக இருந்தால் சுவிட்சில் அல்லது அதன் சொக்கெட்டில் பார்க்கவேண்டும். சொக்கெட்டில் பச்சை படிந்திருந்தால் கன்டக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டுப் பூட்டுங்கள். சாதாரண மைக்ரோ சுவிட்ச் என்றால் மீற்றரை பீப் நிலையில் வைத்து, நாக்கை அழுத்தி விட, சத்தம் வந்து நிற்கவேண்டும். காந்தத்தால் உணரும் வகை என்றால் பீப் சோதனை எதையும் சொல்லாது, ஸ்கேனரில் நேரடி அளவுகளைப் பார்ப்பதே வழி.

பற்றரி கழற்றிப் பூட்டிய பிறகு மட்டும் விளக்கு வந்தால், சுவிட்சால் ஒருமுறை முழுக்க ஏற்றி முழுக்க இறக்குங்கள். அதோடு பல கார்களில் பெட்டி எல்லையைத் திரும்பவும் கற்றுக்கொள்ளும். வருடாந்த வருமான அனுமதிப் பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் இந்த விளக்கை யாரும் கேட்கமாட்டார்கள், அதனால்தான் பலர் அப்படியே விட்டு வைக்கிறார்கள்.

அறிகுறி: கீச்சொலி, நடுக்கம், குழிகளில் தடதடப்பு

ஏறும்போது கீச் என்றால் சீல் காய்ந்திருக்கிறது, இறப்பருக்கான சிலிக்கன் தடவினால் தீரும். கீழே கிடக்கும்போது தோட்டத்துப் பாதைக் குழிகளில் தடதடத்தால் தகட்டின் போல்ட்டு தளர்ந்தது, அல்லது புஷ் தேய்ந்தது. தகட்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் எது என்று தெரியும்.

திரும்பத் திரும்ப வராமல் இருக்க

வாரத்துக்கு ஒருமுறை, எஞ்சின் ஓடும்போது, சுவிட்சால் இரண்டு தடவை ஏற்றி இறக்குங்கள். வேறு எந்தப் பராமரிப்பும் இதற்கு ஈடில்லை. ஹட்டன், வட்டவளைப் பக்கம் தென்மேற்கு மழைக்கு முன், அதாவது மே தொடங்குமுன், ஒருமுறை இடுக்கைத் துப்புரவாக்கி கிரீஸ் பாருங்கள். பண்டாரவளை, பதுளைப் பக்கம் அதை ஒக்டோபர் முடிவதற்குள் செய்யுங்கள், அங்கே வடகிழக்கு மழைதான் கனக்கும். சேர்விஸ் ஸ்டேஷனில் கழுவக் கொடுக்கும்போது ஸ்பொயிலர் இடுக்கில் அழுத்தத் தண்ணீர் அடிக்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த அழுத்தம் சீலைத் தாண்டித் தூக்கிக்குள் மணலையும் சேர்த்தே தள்ளும். கழுவிய பிறகு தகட்டை ஏற்றி, இடுக்கைத் துணியால் ஒற்றி, அரை மணி நேரம் திறந்தபடி காயவிடுங்கள்.

பாகம் வாங்கும்போது

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த முழுத் தொகுதி கிடைத்தால், தனி மோட்டரைத் தேடி அலைவதைவிட அதுவே இலாபம். மோட்டர், கேபிள், தூக்கி எல்லாம் ஒரே வயதில் தேய்பவை. வாங்குமுன் கடையிலேயே 12 வோல்ட் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓடினால் மட்டும் போதாது. கேபிளை உருவி நுனியைப் பாருங்கள், தூக்கி இரண்டையும் கையால் திருப்பிப் பாருங்கள், மோட்டரின் சொக்கெட்டில் எத்தனை முனை என்று எண்ணுங்கள். கூரை திறக்காத கூப்பேக்கும் கூரை திறக்கும் ரோட்ஸ்டருக்கும் ஒரே பெயரில் வேறு வேறு தொகுதி வரலாம். பழைய பாகத்தில் பொறித்த இலக்கத்தைக் கடைசி எழுத்துவரை படம் எடுத்து அனுப்பி, ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே முற்பணம் கட்டுங்கள். பழையதை அன்றைக்கே எறிந்துவிடவும் வேண்டாம். கிளிப்பும், சதுர நுனி நல்லதாய் உள்ள கேபிளும், எல்லைச் சுவிட்சும் அடுத்த பழுதுக்கு உதவும்.